இன்னொரு வண்டின் முன்னங்கால்

வெள்ளிக்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. பரிசுக் கேடயத்தைக் கையில் பிடித்துப் பல்லெல்லாம் தெரிய நீ நிற்கும் படத்தை ஊரே பார்த்துவிட்டது. சுகமாகத்தான் இருக்கிறாய்.

இந்தக் காலத்தில் எதற்குக் காகிதக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ பாதியிலேயே துண்டிக்கிறாய். முந்தாநாள் மட்டும் மூன்று முறை. கடைசி முறை, 'ஒரு வண்டோட காலுக்குப் போய் இவ்ளோ கத்துறியே அக்கா, பிரஷர் ஏறிடப்போகுது' என்று அக்கறையோடு சொல்லிவிட்டுத் துண்டித்தாய். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கடிதத்தை நீ கிழித்துப் போட்டால் நான் இன்னொன்று எழுதுவேன். என்னிடம் தாள் நிறைய இருக்கிறது, கோபமும் நிறைய இருக்கிறது.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த கண் இப்போது பளிச்சென்று தெரிகிறது. பரிசு வாங்கியதென்று நீ அனுப்பிய அந்த ஆளுயர வண்டுப் படத்தைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டிவிட்டாள். உன் மாமா ஏணி போட்டு ஏறி நாலு ஆணி அடித்தார். காலையும் மாலையும் அந்த வண்டின் முகத்தில் விழித்துக்கொண்டுதான் நான் சாப்பிட வேண்டியிருக்கிறது. வருகிறவர்களை எல்லாம் அம்மா படத்துக்கு முன்னால் நிறுத்தி, 'பாருங்க, ஒவ்வொரு முடியையும் எண்ணிடலாம்' என்கிறாள்.

நான் எண்ணவில்லை. செவ்வாய்க்கிழமை படம் வந்த அன்று, கையில் தட்டோடு சும்மா அண்ணாந்து பார்த்தேன். இடது முன்னங்காலின் நுனியில் இரண்டு நகங்கள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று பாதியில் முறிந்திருந்தது. அந்த முறிவு எனக்குத் தெரியும். முறித்ததே நான்தான். துறைமுகத்து மரப்பெட்டியில் பிடிபட்ட செத்த வண்டு ஒன்றின் கால்களை ஊசியால் பரப்பி வைக்கும்போது இடுக்கி தவறிப் போனது. வெட்கத்தோடு பதிவேட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கால், அந்த நகம், செடிப் பண்ணையில் உயிரோடு பிடிபட்ட வண்டின் உடம்பில் எப்படி முளைத்தது? அலுவலகத்துக்கு நீ கொடுத்த சின்னப் பிரதியில் இது என் கண்ணில் படவில்லை. நீ பெருமைக்காக ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி அனுப்பினாய் பார், அதில் மாட்டிக்கொண்டாய்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும் என்று பதினாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்று இப்போது புரிகிறது. சொல்கிறேன், கேள். பண்ணைகளில், கிடங்குகளில், கப்பலில் வரும் மரப்பெட்டிகளில் சந்தேகப்படும்படி பூச்சி கிடைத்தால் எங்கள் பரிசோதனை அலுவலகத்துக்கு வரும். நான் பார்த்து, படம் எடுத்து, இன்னது என்று எழுதுவேன். நாங்கள் வளையக்கால் என்று கூப்பிடுகிற வண்டு பச்சை மரத்தைக் குடைந்து சாகடிக்கும். ஒன்று கிடைத்தாலும் அந்தத் தோட்டம் முழுவதையும் பிடுங்கி எரிக்கச் சொல்வது சட்டம். அதே சாயலில், அதே நிறத்தில், அதே நீள மீசையோடு இன்னொன்று இருக்கிறது. அது பட்டுப்போன கட்டையைத் தவிர எதையும் தொடாத அப்பாவி. வித்தியாசம் ஒன்றே ஒன்று. வளையக்காலுக்கு முன்னங்காலில் கடுகளவு அகலத்தில் ஒரு வெள்ளை வளையம் இருக்கும். அப்பாவிக்கு இருக்காது. பதினாறு வருஷமாக நான் பூதக்கண்ணாடியில் தேடிக்கொண்டிருப்பது அந்தக் கடுகளவு வெள்ளையைத்தான். நீ கொண்டுபோய் ஒட்டியது அந்த வெள்ளை வளையம் உள்ள காலை.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருப்பாய். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பண்ணை வண்டு அன்று காலைதான் வந்தது, உயிரோடு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். லீவில் வந்திருந்த நீ, 'சாவியைக் கொடுத்துட்டுப் போ, ஒரு படம்தானே, நான் எடுத்து வைக்கிறேன். உன் லென்ஸ்ல எடுத்தா பாஸ்போர்ட் போட்டோ மாதிரிதான் வரும்' என்று சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியாள் யாருக்கும் சாவி கொடுக்கக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. உன்னை வெளியாள் என்று எனக்குத் தோன்றவில்லை. கொடுத்தேன்.

என் பாஸ்போர்ட் போட்டோவைப் பற்றி இப்போது பேசுவோம். அலுவலகத்தில் இருப்பது பழைய அறுபது மில்லிமீட்டர் லென்ஸ். பூச்சியின் மூக்கோடு மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப் போக வேண்டும், லென்ஸின் நிழலே பூச்சி மேல் விழும். எல்லாம் தெரியும். விளக்குக்கு முன்னால் வெள்ளைத் தாளை வளைத்து ஒட்டி, நிழலைக் கரைத்து, லென்ஸின் துளையை எஃப் பதினொன்றுக்குச் சுருக்கி எடுப்பேன். பதினாறுக்குப் போனால் இன்னும் கொஞ்சம் ஆழம் தெளியும். இருபத்திரண்டுக்குப் போனால் ஆழம் கிடைக்கும், ஆனால் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல மொத்தப் படமும் மழுங்கிவிடும், வெள்ளை வளையமும் பழுப்பு முடியும் ஒன்றாகக் குழம்பும். அதனால் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டு மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முன்னங்காலை மட்டும் குறிவைத்து ஒன்று என்று தனித்தனியாக எடுப்பேன். ஓரத்தில் அளவுகோல் வைப்பேன். அழகாக இருக்காது. முதுகு தெளிந்தால் கால் மங்கும், கால் தெளிந்தால் முதுகு மங்கும். மங்கியது மங்கியதாகவே இருக்கும்.

நீ என்ன செய்தாய்? உன் நூறு மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினாய். அதில் எனக்குச் சண்டை இல்லை. பூச்சியை மிரட்டாமல் தள்ளி நின்று எடுக்கலாம், வெளிச்சத்துக்கும் இடம் கிடைக்கும், நல்ல லென்ஸ். துளையை ஐந்து புள்ளி ஆறுக்குத் திறந்தாய். ஒரு படத்தில் நூல் கனத்துக்குத்தான் தெளிவு வரும், ஆனால் அந்த நூல் கனம் கத்தி மாதிரி இருக்கும். வண்டைக் குளிர்பெட்டியில் வைத்து மயங்கவிட்டு, கேமராவைக் கால் மில்லிமீட்டராக நகர்த்தி நகர்த்தி நாற்பத்தாறு படம் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடுக்கி ஒரே படமாக்குவது உன் வழி. அதிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முப்பத்தோராவது படத்தில் வண்டுக்குக் குளிர் விட்டுப் போயிற்று. முன்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டது. இதை நீயேதான் போனில் சொன்னாய், ஏதோ வண்டு உனக்குத் துரோகம் செய்துவிட்டது போல.

அடுக்கிய படத்தில் கால்கள் கலங்கிப் போயின. அப்படியே விட்டிருக்கலாமே. திரும்பக் குளிர வைத்து எடுத்திருக்கலாமே. எனக்கு ஒரு போன் செய்து 'கால் சரியா விழலக்கா' என்று சொல்லியிருக்கலாமே. என் படிவத்தில் 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் போட்டிருந்தால் பண்ணைக்குப் போய் இன்னும் பத்துப் பொறி வைத்திருப்பார்கள், ஒரு மாதம் தேடியிருப்பார்கள். உனக்குத்தான் ஒரு இடமும் மங்கலாக இருக்கக் கூடாதே. இழுப்பறையைத் திறந்து, நான் பரப்பி வைத்த செத்த வண்டை எடுத்து, அதன் முன்னங்கால்களைப் படம் பிடித்து, உயிருள்ள வண்டின் உடம்பில் ஒட்டி, பூசி மெழுகிக் கொடுத்தாய். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டால், 'ரெண்டும் ஒரே வண்டுதானேக்கா' என்கிறாய். இரண்டும் ஒன்றா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தானடா எனக்கு ஒரு அலுவலகமே வைத்திருக்கிறார்கள்!

சரி, வண்டாவது இருந்ததா? அதுவும் இல்லை. ஜன்னலைத் திறந்து பறக்கவிட்டாய். 'ஒரு உயிரைக் கொன்று எடுக்கும் படம் எனக்குத் தேவையில்லை' என்று எழுதிப் போட்டாய். பதினோராயிரம் பேர் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஒரு வண்டை வாழவைத்தாய், ரொம்ப சந்தோஷம். அதனால் ஆறாயிரம் கன்றுகளும் எழுபது தாய்மரங்களும் சாகப்போகின்றன.

பண்ணைக்காரம்மாவை நீ பார்த்ததில்லை. குட்டையாக, கை நிறைய வெட்டுத் தழும்போடு இருப்பார். ஒட்டுக்கன்று கட்டும் கத்தியை எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். ஒவ்வொரு தாய்மரமும் அவர் கையால் வைத்தது. எரிக்க உத்தரவு வந்த அன்று அவர் அலுவலகத்துக்கு வந்து என் மேசை மேல் கையை ஊன்றி, 'எனக்கு அந்த வண்டைக் காட்டுங்க, நான் பார்த்துட்டுப் போறேன்' என்று கேட்டார். நான் உன் படத்தைக் காட்டினேன். எவ்வளவு தெளிவான படம்! அவர் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் அன்றைக்கு அந்தப் படத்தை நம்பினேன்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன், நீ சொல்லிக்காட்டும் முன்பே. படிவத்தில் ஏழாவது கேள்வி, மாதிரியை நேரில் பார்த்துச் சோதித்தீர்களா என்பது. மறுநாள் நான் வந்தபோது வண்டு இல்லை. உன் படம்தான் இருந்தது. வளையம் கண்ணைப் பறித்தது. ஆம் என்று டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். பூதக்கண்ணாடியில் கூடத் தெரியாத அளவுக்குப் படத்தில் தெரிகிறதே, என் தம்பி எடுத்ததாயிற்றே என்று போட்டேன். அந்தக் கையெழுத்துக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு நீ வர வேண்டாம்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்த நாற்பத்தாறு படங்களையும், செத்த வண்டின் கால்களை எடுத்த படங்களையும், கேமராவில் விழுந்தது விழுந்தபடி அனுப்பு. முதல் முப்பது படங்களில் எங்காவது ஒரு ஓரத்திலாவது அந்த உண்மையான முன்னங்கால் விழுந்திருக்கும். வளையம் உண்டா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். கூடவே, கால்களை ஒட்டியது நான்தான் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. எரிக்கும் உத்தரவின் மேல் விசாரணை வரும் வியாழக்கிழமை. அதற்கடுத்த சனிக்கிழமை எரிக்கப்போகிறார்கள்.

கோபத்தில் எழுதினேன், வருத்தப்படவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா


வியாழக்கிழமை, மாலை

தம்பிக்கு,

உன் பார்சல் நேற்று வந்தது. என் கடிதத்துக்குப் பதில், படங்கள், நாலு வரி என்று எதையெதையோ எதிர்பார்த்து, கத்தரிக்கோல் தேடக்கூடப் பொறுமையில்லாமல் பல்லால் பிரித்தேன். உள்ளே ஒரு லென்ஸ். புத்தம் புதிய நூறு மில்லிமீட்டர். 'அக்காவுக்கு அன்புடன், இனி பாஸ்போர்ட் போட்டோ வேண்டாம்' என்று ஒரு அட்டை.

நான் பச்சைக் குழந்தையாடா, பொம்மை கொடுத்து அழுகையை நிறுத்த? லென்ஸை மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. லென்ஸை எடுக்கும்போது இதையும் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு நீ அனுப்பிய குரல் செய்தியையும் கேட்டேன். போட்டி விதியில் ஒரே உயிர், ஒட்டு வேலை கூடாது என்று இருக்கிறதாம். படங்களைக் கொடுத்தால் பரிசைப் பிடுங்கிவிடுவார்களாம், பேர் கெட்டுவிடுமாம், புத்தக வேலை கை நழுவிப் போகுமாம். 'நீ வேற ஏதாவது சொல்லி உத்தரவைத் தள்ளிப்போடேன்க்கா, உனக்குத் தெரியாததா' என்று கெஞ்சுகிறாய். உன் குரல் உடைந்திருந்தது. கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பண்ணைக்காரம்மாவைப் பற்றி அந்த மூன்று நிமிஷத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டாம் முறை கேட்டும் பார்த்தேன், இல்லவே இல்லை.

வீட்டில் நடந்ததையும் தெரிந்துகொள். செவ்வாய்க்கிழமை மாலை பண்ணைக்காரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். விசாரணையில் என்ன பேச வேண்டும் என்று என்னைக் கேட்க வந்தார், என்னிடமே! நான் உள்ளே தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அம்மா வழக்கம் போல அவரைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, 'என் பையன் எடுத்தது, முதல் பரிசு' என்று ஆரம்பித்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது அவர் படத்துக்கு வெகு கிட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். 'இதுதானாம்மா அது' என்று என்னிடம் கேட்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முறிந்த நகத்தைத் தொட்டுக் காட்டி எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டினார். 'உங்க வீட்டுச் சுவத்துக்கு அழகா இருக்கணும்னு என் மரத்தைக் கொளுத்துறீங்களா' என்று கேட்டார். அவர் போன பிறகு அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து, எந்தக் கால் என்று கேட்டாள். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தப் படத்தைக் கழற்றும்படி உன் மாமாவிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து உன் பேச்சை எடுக்கவில்லை. உன் போன் வந்தால் எடுக்காதே என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை.

இன்று காலை விசாரணை. நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாவி கொடுத்தது, பார்க்காமல் பார்த்தேன் என்று எழுதியது, கால்கள் வேறு வண்டுடையவை என்பது, எல்லாம். பெரிய அதிகாரி முகத்தில் அப்படியொரு வெறுப்பு. 'ஏற்கெனவே பொய்யா எழுதிக் கொடுத்தவங்க இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு எப்படிம்மா எடுத்துக்கிறது' என்று கேட்டார். பண்ணைக்காரரிடம் ஏதாவது வாங்கிக்கொண்டு மாற்றிப் பேசுகிறேனா என்றும் ஒருவர் கேட்டார். பதினாறு வருஷம் ஒரே மேசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். முறிந்த நகத்தைப் பதிவேட்டோடு வைத்துக் காட்டினேன். அது சந்தேகத்துக்குப் போதும், உத்தரவை ரத்து செய்யப் போதாது என்றார்கள். எரிப்பதை மட்டும் அடுத்த வியாழன் வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். என் மேசைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நாளையிலிருந்து நான் வேலைக்குப் போக வேண்டியதில்லை.

இதை எழுதி உன்னை அழவைப்பது என் நோக்கமில்லை. உன் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இந்த ஜென்மத்தில் தீருமா என்று தெரியவில்லை. அந்த முப்பது படங்களில் எங்கோ ஒரு மூலையில், வளையம் இல்லாத ஒரு கால் இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். ஒருவேளை வளையம் இருந்துவிட்டால் மரங்கள் போகட்டும், சட்டம் அதுதான், நானே பண்ணைக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். எதுவாக இருந்தாலும் அது உன்னிடம்தான் இருக்கிறது. நீ ஒரு படத்தையும் அழிக்கிறவன் இல்லை.

இன்று முடிவில் அதிகாரி வாக்குமூலம் எழுதிக்கொண்டார். படம் எடுத்தவர் யார் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தம்பி என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, மூலப் படங்களைக் கேட்டால் அவர் தருவாரா என்று கேட்டார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தருவான் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த வியாழன் காலை பத்து மணிக்கு அதை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிப்பார்கள். பண்ணைக்காரம்மா இருப்பார். அம்மாவும் வருகிறேன் என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

உன் அக்கா